சுகந்தினி போகாத செமஸ்டர்

வெள்ளிக்கிழமை, காலை ஆறு இருபது. நிவித்திகல பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே இருந்த மின்கம்பத்தில் ஏணியைச் சாத்தி இரண்டு பேர் பதாகை கட்டிக்கொண்டிருந்தார்கள். மேல் முனை கட்டியாகிவிட்டது. கீழ் முனை காற்றில் மடிந்து கிடந்ததால் முதலில் ஒரு பெண்ணின் நெற்றியும் கண்களும் மட்டுமே தெரிந்தன. துணியை இழுத்துப் பிடித்ததும் எழுத்து தெரிந்தது: இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் செல்லும் எமது தோட்டத்தின் முதல் மகளை வாழ்த்தி வழியனுப்புகிறோம். கீழே தொழிற்சங்கக் கிளையின் பெயரும் கோயில் நிர்வாக சபையின் பெயரும். மூலையில் ஒரு விமானம்.

நான் அப்போதுதான் என் புத்தகக்கடையைத் திறந்துகொண்டிருந்தேன். கடை பிழைப்புக்கு, அதோடு ஒரு தமிழ்ப் பத்திரிகையின் மாவட்ட நிருபர் வேலை. புதிதாக நிருபர்களாகச் சேர்ந்திருக்கும் உங்களில் பலருக்கும் நிலைமை இதுதான் என்று தெரியும். கடை இருந்தால் செய்தி நம்மைத் தேடி வரும். ஆனால் செய்தியில் அடிபடுகிறவர்கள் மறுநாளும் நம் கடைக்கே கொப்பி வாங்க வருவார்கள். கொழும்பில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. நமக்கு எப்போதும் உண்டு.

பதாகையைப் படம் எடுத்தேன். அதை அனுப்பவில்லை. பதாகை என்பது கட்டியவர்களின் நம்பிக்கை. அது செய்தியாவதற்கு இன்னொருவர் உறுதி சொல்ல வேண்டும். நான் சொல்லப்போகும் கதையில் அந்த உறுதி வரவில்லை.

சுகந்தினியை எனக்குத் தெரியும். டவுனிலிருந்து மேலே ஏறும் பாதையில் உள்ள தேயிலைத் தோட்டத்தின் மேல் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருப்பு. அப்பா இல்லை. அம்மா கொழுந்து எடுப்பவர். சுகந்தினி இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்துக்கொண்டிருந்தார். மண்சரிவு அவருடைய சிறப்புப் பாடம். அதை அவர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை. மேல் லயத்துக்குப் பின்னால் உள்ள சரிவை அபாய வலயம் என்று அறிவித்துப் பலகை நட்டிருக்கிறார்கள். மழை பலமாகப் பிடித்தால் அந்த லயத்துக் குடும்பங்கள் பாய் தலையணையோடு பாடசாலைக் கட்டிடத்துக்குப் போய்விடும்.

சரிவின் உள்ளே மண் நகர்வதை முன்கூட்டியே அளக்கும் முறை ஒன்றைப் பிரித்தானியாவில் ஒரு பல்கலைக்கழகம் கற்பித்தது. அங்கே ஒரு செமஸ்டர் படிக்க சுகந்தினி தேர்வாகியிருந்தார். பயணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் செலவு. கொரோனா வந்து பயணம் தள்ளிப்போனது. பிறகு பொருளாதாரம் விழுந்து நாடே வரிசையில் நின்ற வருடம், கடவுச்சீட்டுக்கும் வரிசைதான். எல்லாம் தாண்டி அந்த வாரம்தான் விசா கைக்கு வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து பிரதான பாதை வரை தப்பு மேளம் அடித்து அவரை வழியனுப்ப ஏற்பாடு. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குக்கூட அந்தத் தோட்டத்தில் தப்பு அடித்ததில்லை. கோயில் முன்னால் கும்பிட்டுவிட்டு ஓட்டோ ஏறுவார்கள், அவ்வளவுதான்.

பத்து மணி வாக்கில் சுகந்தினி கடைக்கு வந்தார். பதாகை தொங்கும் பக்கம் பார்க்காமல் வந்தார்.

"சேர், என்னப் பத்தி நியூஸ் ஒண்ணும் போட்டுறாதீங்க."

"ஏன்மா, விசா வந்துருச்சுன்னு சொன்னாங்களே?"

"விசா வந்துருச்சு சேர். படிப்புத்தான் போயிருச்சு."

முதல் நாள் மாலை பிரித்தானியப் பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. அவர் அதை நிதானமாக விளக்கினார். பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியபோது பரிமாற்றத் திட்டத்திலிருந்தும் விலகியது. ஆனால் விலகுவதற்கு முன் கையெழுத்தான ஒப்பந்தங்கள் அவற்றின் கடைசித் தேதிவரை செல்லும் என்பது ஏற்பாடு. சுகந்தினியின் இடம் அப்படி ஓர் ஒப்பந்தத்தில் இருந்தது. பயணம் தள்ளித் தள்ளிப் போனதில் அவருடைய செமஸ்டர் முடியும் முன்பே ஒப்பந்தத்தின் தேதி முடிந்துவிடும். தேதிக்குப் பிந்திய நாட்களுக்குத் திட்டம் செலவு ஏற்காது. முன்பு என்றால் புதிய ஒப்பந்தம் போட்டு, மிஞ்சிய மாணவர்களை அதில் சேர்த்துக்கொள்வார்கள். வெளியே போன நாட்டின் பல்கலைக்கழகத்தால் புதிய ஒப்பந்தம் போட முடியாது. விரும்பினால் சொந்தச் செலவில் வரலாம் என்று மின்னஞ்சலின் கடைசி வரியில் மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை என்றார். சொல்வதற்குள் பதாகை கட்டிவிட்டார்களாம்.

இதற்குள் தோட்டத் தலைவருக்கு விஷயம் எப்படியோ எட்டிவிட்டது. தலைவர் என்றால் தோட்டத்தில் தொழிற்சங்கக் கிளையின் தலைவர். சுகந்தினிக்கு மாமா முறை. மத்தியானம் அவரே வந்தார். கதிரை போட்டும் உட்காரவில்லை.

"அண்ணே, நான் எத்தன வருசமா யூனியன் பாக்குறேன்னு ஒங்களுக்குத் தெரியும். வருசா வருசம் ஆளு விலகுறான், ஆளு சேர்றான். விலகினவனுக்கு சந்தா நிக்கும். சம்பளம் நிக்குதா? கூட்டு ஒப்பந்தம் போட்டா விலகினவனுக்கும் சேத்துத்தானே ஏறுது? அப்ப அந்த நாடு விலகினதுக்கும் நம்ம புள்ள படிப்புக்கும் என்ன இருக்கு? இங்கதான் எவனோ கைய வச்சிருக்கான்."

"எவன்?"

"அத நீங்கதான் எழுதணும்."

சிரிக்க வேண்டாம். அவருக்குத் தெரிந்த உலகத்தில் அவர் சொன்னது முழுக்கச் சரி. தோட்டத்தில் ஒரு சங்கத்திலிருந்து விலகுவதால் எந்தத் தொழிலாளியும் சம்பள உயர்வை இழந்ததில்லை. விலகுவது என்றால் சந்தா நிற்பது மட்டும்தான் என்று வாழ்நாள் முழுக்கப் பார்த்தவருக்கு, ஒரு நாடு விலகியதால் நிவித்திகலயில் ஒரு பெண்ணின் படிப்பு நின்றது என்பது சாக்காகத்தான் தெரியும். அந்தச் சாக்குக்குப் பின்னால் ஓர் ஆளைத் தேடுவதும் இயல்பு. ஆள் கிடைக்க அதிக நேரம் ஆகவில்லை. சாயங்காலத்துக்குள் தோட்டம் முழுக்கக் கதை பரவிவிட்டது: தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளையின் இடத்தைப் பல்கலைக்கழகத்தில் ஒரு சிங்கள மாணவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். வழியனுப்ப ஏற்பாடு செய்த அதே ஞாயிற்றுக்கிழமை சந்தியில் பாதையை மறித்து உட்காரப் போவதாகத் தலைவர் அறிவித்தார். இன்னொரு பத்திரிகையின் நிருபர் அந்தக் கதையை ஏற்கெனவே கொழும்புக்கு அனுப்பிவிட்டார் என்றும் தெரிந்தது.

நிவித்திகலயை, தமிழர்கள் நிறைந்த நுவரெலியா என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே தமிழர்கள் சிறு தொகை. தோட்டத்துக்குக் கீழே சிங்களக் கிராமம். இரு பக்கமும் ஒரே பஸ், ஒரே ஆஸ்பத்திரி, ஒரே சந்தை. நம் தோட்டத்துப் பிள்ளைகள் சிங்களம் பேசினால் யாராலும் வேற்றுமை கண்டுபிடிக்க முடியாது. அப்படியிருந்தும் சந்தியில் பாதை மறித்தால் எது எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

கொழும்பில் எங்கள் செய்தி ஆசிரியருக்குத் தொலைபேசி எடுத்தேன். ஞாயிறு இதழின் பக்கம் சனி மாலை மூடி அச்சுக்குப் போய்விடும். மற்றப் பத்திரிகை போடப் போகிறது என்பதையும் சொன்னேன். அவர் குரலை உயர்த்தியதே இல்லை, அன்றும் உயர்த்தவில்லை.

"அவங்க போடட்டும். நீங்க ஒண்டு செய்யுங்க. இந்தப் பிள்ளைக்கு எதிர்ப்பக்கம் யார் எண்டு தேடாதீங்க. இந்தப் பிள்ளைக்கு நடந்தது வேற யாருக்கு நடந்தது எண்டு தேடுங்க."

இந்த ஒரு யோசனைக்காகவே இந்தக் கதையை உங்களுக்குச் சொல்கிறேன். பாரபட்சம் என்ற குற்றச்சாட்டு வந்தால் நாம் உடனே ஓடுவது இரண்டு இடங்களுக்கு: குற்றம் சாட்டுகிறவரிடமும், சாட்டப்பட்டவரிடமும். இருவரும் பேசுவார்கள், இரண்டையும் போட்டுவிட்டு நடுநிலை என்போம். அதே முடிவால் பாதிக்கப்பட்ட மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தால், அவர் யார் என்பதில்தான் உண்மை இருக்கும்.

சுகந்தினியின் பல்கலைக்கழகத்தில் பரிமாற்றத்துக்குப் பொறுப்பான விரிவுரையாளர் ஒரு சிங்களப் பெண்மணி. வெள்ளி மாலையே பேசினேன். களைத்த குரல். அந்த ஒப்பந்தத்தில் இரண்டு மாணவர்கள் மிஞ்சியிருந்தார்கள், இருவருக்கும் ஒரே மின்னஞ்சல்தான் வந்தது என்றார். மற்றவர் கொடகவெலையைச் சேர்ந்த கசுன் என்ற விவசாயபீட மாணவர். பிறகு விரிவுரையாளர் சொன்ன தகவல்தான் என் கையைச் சுட்டது. ஒன்றியத்தில் இருக்கும் இன்னொரு நாட்டில், போர்த்துக்கலில், வேறோர் ஒப்பந்தத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. இருவரில் ஒருவரையாவது அங்கே மாற்ற முடியுமா என்று கேட்டு எழுதியிருக்கிறார். பதில் திங்கட்கிழமை வரும். இரண்டு மாணவர், ஓர் இடம். அதுவரை எதையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

எழுதாமலிருப்பதாக நான் வாக்குக் கொடுக்கவில்லை. நீங்களும் யாருக்கும் கொடுக்காதீர்கள். கேட்டதை நினைவில் வைத்திருப்பதாக மட்டும் சொன்னேன்.

சனி காலையில் மோட்டார் சைக்கிளில் கொடகவெலைக்குப் போனேன். கசுனின் வீடு சிறு தேயிலைக் காணியின் நடுவில். அப்பா அதில் வேலையாக இருந்தார். அம்மாதான் பேசினார், சிங்களத்தில். நான் பத்திரிகைக்காரன் என்றதும் அவருக்குக் கோபம் வந்தது. கைபேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். நிவித்திகல மின்கம்பத்தில் தொங்கிய அதே பதாகை. யாரோ அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

"ஏக்க வத்தே கெல்லட்ட துன்னனே," என்றார். அதைத் தோட்டத்துப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்களே என்று. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஏதோ தனி ஒதுக்கீடு இருப்பதாகவும், அதனால்தான் மகனின் பயணம் நின்றது என்றும் ஊரில் பேசிக்கொள்கிறார்கள் என்றார்.

முந்தின நாள் மாலை தமிழில் கேட்ட கதையை அப்படியே சிங்களத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன். பெயர்கள் மட்டும் இடம் மாறியிருந்தன.

அந்தப் பெண்ணும் போகவில்லை, அவருக்கும் அதே மின்னஞ்சல்தான் வந்தது என்று சொன்னேன். அம்மா நம்பவில்லை. பதாகை பொய்யா என்று கேட்டார். கட்டியவர்களுக்கு அப்போது தெரியாது என்றேன். உள்ளேயிருந்து கசுன் வந்தார். உயரமான, அதிகம் பேசாத பையன். "அவங்களுக்கும் இல்லையா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கதவு நிலையில் சாய்ந்து நின்றார். வேறு வேறு பீடம் என்பதால் இருவருக்கும் பழக்கம் இல்லையாம். கிளம்பும்போது அந்த அம்மா எனக்குத் தேநீர் தந்தார். தோட்டத்துப் பெண்ணின் அம்மா என்ன வேலை செய்கிறார் என்று விசாரித்தார். சொன்னேன். அதன் பிறகு ஒதுக்கீட்டைப் பற்றி அவர் பேசவில்லை.

திரும்பி வந்து நேரே தோட்டத்துக்கு ஏறினேன். வேலை முடிந்த நேரம். கோயில் முன்னால் சனம் கூடியிருந்தது. கொடகவெலையில் பார்த்ததைத் தலைவரிடம் தனியே சொன்னேன். "சிங்களப் பையனுக்குமா இல்ல?" என்று இரண்டு தடவை கேட்டார். ஆனால் இருபது பேர் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது ஒரு தலைவர் பின்வாங்குவது எளிதில்லை. "அவனுக்கும் இல்லன்னா ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் கேப்போம். விலகினா படிப்பு எப்படி நிக்கும்?" என்று அங்கேயே வந்து நின்றார்.

பதில் சொன்னது சுகந்தினி. அம்மாவுக்கும் அதற்குள் தெரிந்திருந்தது. அம்மா பக்கத்தில் நின்றார், கண்கள் வீங்கியிருந்தன.

"மாமா, இது யூனியன் மாதிரி இல்ல. நம்ம மரணாதாரச் சங்கம் மாதிரி."

மரணாதாரச் சங்கம் எங்கள் பக்கத்தில் தோட்டத்துக்கும் கிராமத்துக்கும் பொதுவான விஷயம். சாவு வீட்டுக்குக் கொட்டகை, கதிரை, அடுப்புப் பாத்திரம் எல்லாம் அந்தச் சங்கம் கொண்டுவந்து இறக்கும். அங்கத்தவர் வீட்டுக்கு மட்டும்.

"கீழ் லயத்துப் பெரியசாமி தாத்தா சங்கத்த விட்டு விலகினாருல்ல. அவரு வீட்டு சாவுக்கு கொட்டகை வந்துச்சா?"

"வரல."

"வந்த சனம் எங்க நின்னாங்க?"

"மழையில நின்னோம்." தலைவருக்கு அது நினைவிருந்தது. "ஆனா நாங்க விலகலயே. நாங்க சந்தா கட்டுற ஆளுங்க."

"கட்டினீங்க. ஆனா போனது விலகின வீட்டுக்கு. நானும் அது மாதிரி ஒரு வீட்டுக்குத்தான் போக இருந்தேன் மாமா."

கூட்டத்தில் ஒருவர், அப்படியானால் கொட்டகை இருக்கிற வீடாகப் பார்த்துப் போயிருக்கலாமே என்றார். விளையாட்டாகச் சொன்னதுதான். சிலர் சிரித்தார்கள். சுகந்தினி சிரிக்கவில்லை.

"மண்ண அளக்குற படிப்பு அந்த வீட்டுலதான் இருந்துச்சு," என்றார்.

தலைவர் யாரையோ கூப்பிட்டு, டவுனுக்குப் போய் அந்தப் பதாகையைக் கழற்றச் சொன்னார். பாதை மறியல் பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை. தப்புக்காரர்களுக்கு வர வேண்டாம் என்று சொல்லும் வேலை சுகந்தினியின் அம்மாவிடம் வந்து சேர்ந்தது. அவரே போய்ச் சொன்னார்.

பக்கம் மூட நேரம் நெருங்கியிருந்தது. கோயில் படியில் உட்கார்ந்து செய்தியைத் தொலைபேசியிலேயே சொன்னேன். முதல் வாக்கியம் இது: "ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரித்தானியா விலகியதை அடுத்து, மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் கீழ் அந்நாட்டில் ஒரு செமஸ்டர் கற்கத் தேர்வாகியிருந்த இரத்தினபுரி மாவட்டத்தைச் சேர்ந்த இரு மாணவர்களின் பயணம் ரத்தாகியுள்ளது." இரண்டாவது வாக்கியத்தில் இரண்டு பெயர்கள், இரண்டு ஊர்கள். தமிழ் மாணவி, சிங்கள மாணவர் என்று எழுதவில்லை. பெயரைப் படிப்பவர்களுக்கு அது தெரியும். தெரிந்ததை நாம் மறுபடி சொன்னால் வேறு அர்த்தம் வந்துவிடும்.

போர்த்துக்கல் இடத்தைச் செய்தியில் சேர்க்கவில்லை. இதைப் பற்றி உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள்: தெரிந்ததை மறைப்பது சரியா என்று. நியாயமான கேள்வி. அந்த ஞாயிற்றுக்கிழமை அது அச்சில் வந்திருந்தால், மறுநாள் ஒரு விரிவுரையாளர் எடுக்க வேண்டிய படிப்பு சார்ந்த முடிவு இரண்டு ஊர்களுக்கு இடையிலான போட்டியாக மாறியிருக்கும். யாரைத் தேர்ந்தெடுத்தாலும் மற்ற ஊர் தன் கதைக்கு ஆதாரம் கிடைத்தது என்று சொல்லும். அவர் பயந்துபோய் இருவரையும் விட்டுவிடவும் கூடும். நடந்ததை எழுதினேன். நடக்கவிருந்ததை நடந்த பிறகு எழுத வைத்துக்கொண்டேன். ஆனால் அந்தத் தகவல் என்னிடம் இருக்கிறது, எழுதவில்லை என்பதைச் செய்தி ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். எதையாவது விட்டு எழுதினால் அது உங்கள் ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவருக்கும் தெரியாமல் விட்டால் அதற்குப் பெயர் வேறு.

மற்றப் பத்திரிகையில் "பாரபட்சமா?" என்று தலைப்பு வந்தது. கேள்விக்குறி போட்டுவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று நினைப்பவர்கள் நம் தொழிலில் எப்போதும் இருப்பார்கள். தலைவர் இரண்டு பத்திரிகைகளையும் என் கடையில் வைத்துப் படித்தார். இரண்டையும் ஒன்றாக மடித்து வைத்தார்.

திங்கட்கிழமை பதில் வந்தது. காலியாக இருந்த இடம் வன முகாமைத்துவத் துறையில். விவசாயபீட மாணவர் மட்டுமே அதற்குப் பொருந்துவார். இடம் கசுனுக்குப் போனது. விரிவுரையாளர் அதை அடுத்தவர் வாயில் விடாமல் தானே சுகந்தினிக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தார். நான் அதைத் தனிச் செய்தியாக எழுதினேன், காரணத்தோடு. தோட்டத்திலிருந்து யாரும் பாதையை மறிக்கச் சந்திக்கு வரவில்லை.

சில மாதங்கள் கழித்து சுகந்தினியைப் பஸ்ஸில் பார்த்தேன். வருத்தமா என்று கேட்பது மடத்தனம் என்பதால் கேட்கவில்லை. அவராகவே பேசினார்.

"அது காட்டுப் படிப்பு சேர். எனக்குத் தந்திருந்தாலும் நான் போயி மரம் எண்ணிட்டு வந்திருப்பேன்." பிறகு, "அந்தப் பையன் நல்லபடியாப் போயிட்டானா?" என்று கேட்டார். போய்விட்டதாகச் சொன்னேன். தனக்குப் பின்னால் வரும் வகுப்பில் இரண்டு பேர் இதே படிப்புக்காகப் பிரித்தானியாவை நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்றார். அவர்களுக்கு விண்ணப்பிக்கவே இடம் இல்லை. ஏமாறுவதற்கும் அவர்களுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த இரண்டு பேரைப் பற்றி நான் எழுதவில்லை. விண்ணப்பிக்காதவர்களைச் செய்தியில் எப்படிக் காட்டுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. உங்களில் யாராவது வழி கண்டுபிடித்தால் சொல்லுங்கள்.

அடுத்த ஆண்டு அதே பிரித்தானியப் பல்கலைக்கழகத்திலிருந்து நான்கு மாணவர்கள் எங்கள் மாவட்டத்துக்கு வந்தார்கள். ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு அந்நாடு தனக்கென்று தொடங்கிய திட்டத்தில் வந்தவர்கள். அத்திட்டம் தன் மாணவர்களை வெளியே அனுப்பும், வெளியே இருந்து வருபவர்களுக்குச் செலவு செய்யாது. மேல் லயத்துக்குப் பின்னால் இருந்த சரிவில் குழாய் இறக்கி ஆறு வாரம் மண்ணை அளந்தார்கள். லயத்து மக்களிடம் அவர்கள் கேட்ட கேள்விகளைத் தமிழில் சொல்வதற்கு சுகந்தினியைக் கூலிக்கு அமர்த்தியிருந்தார்கள்.